வரைபடத்தில் ஐந்து இருந்தன

அலுவலகத்தில் அவருக்கு ஸ்கேல் என்று பெயர். சுற்றுலாத் துறையில் வரைபடம் வரைகிற வேலை, இருபத்தொன்பது வருஷ சர்வீஸ். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஆறங்குல ஸ்கேல் ஒன்று எப்போதும் நிற்கும். பர்ஸில் காகிதத்தில் சுற்றிய அரை பிளேடு இருக்கும், வரைந்தது தப்பானால் சுரண்டி எடுப்பதற்கு. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்றாலும் பிளேடை அவர் விடவில்லை. கேன்டீனில் ரொட்டி வாங்கினால்கூட அளந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். அபாண்டம். ஒரே ஒரு தடவைதான் அளந்தார், அதுவும் ரொட்டி சின்னதாகிவிட்டதோ என்று சந்தேகம் வந்ததால். சின்னதாகித்தான் இருந்தது.

அவர் வரைந்ததிலேயே அவருக்குப் பிடித்தது கடலோரப் பறவைகள் சரணாலயத்தின் வரைபடம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வரைந்தது. அந்த இடத்துக்கு அவர் போனதே இல்லை என்பது வேறு விஷயம். வரைகிறவன் எல்லாம் நேரில் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தால் அப்புறம் துறை எதற்கு, கோப்பு எதற்கு? உப்பங்கழி நீல நிறம், சேற்றுத்திட்டு சாம்பல் நிறம், நடைபாதை புள்ளிக்கோடு, மூலையில் ஒரு பூநாரை. பூநாரையையும் அவர் பார்த்ததில்லை. ஒற்றைக் காலில் நின்று இன்னொரு காலை மடக்கி வைத்திருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார். மடக்கி வரைந்துவிட்டார்.

அச்சான முதல் பிரதி வீட்டுச் சமையலறைச் சுவரில் ஏறியது. மனைவி ஒட்டினாள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருப்பவள். குழாய்களையும் குடுவைகளையும் கழுவிக் கழுவி எதையும் ஒரு பார்வை பார்த்துச் சொல்லிவிடக் கூடியவள். அந்தப் பூநாரையை மட்டும் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம், "ஒருநாள் இதை நேர்ல பார்க்கணுங்க" என்பாள். அவரும் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்பார். அப்படியே பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

அவளோடு வெளியூர் போவதில் அவருக்கு ஒரு குறை உண்டு. வீட்டில் நன்றாகப் பேசுகிறவள் பஸ் ஏறிவிட்டால் வாயைத் திறக்க மாட்டாள். கேட்டதற்குத் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். இவர் அதை ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கல்யாண வீடுகளில் நாலு பேர் கூடினால் போதும், "எங்க வீட்டம்மா வாய் பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கிடும், நானும் அவ உடம்பும்தான் ஊர் போய்ச் சேருவோம்" என்று ஆரம்பித்துவிடுவார். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பயணம் என்றால் முந்தின நாள் ராத்திரியிலிருந்தே சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாள். வழியில் கழிப்பறைக்கு எங்கே போவது என்ற பயம். இதை அவர் பழக்கம் என்று எடுத்துக்கொண்டாரே தவிர, பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. போன வருஷம் அவளுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்து, நான்கு நாள் சுருண்டு படுத்தாள். டாக்டர் ஸ்கேனைத் தூக்கிப் பிடித்து, "தண்ணி குடிக்காம நீங்களே வளர்த்து வச்சிருக்கீங்கம்மா. வீடோ வெளியோ, ஒரு நாளைக்கு மூணு லிட்டர். கணக்கு குறையக் கூடாது" என்றார்.

அந்த நான்கு நாளில்தான் ஸ்கேலுக்குப் பூநாரை ஞாபகம் வந்தது. இவள் கேட்ட ஒன்றே ஒன்றைக்கூடச் செய்யவில்லையே என்று மனசு உறுத்தியது. குளிர்காலம் பிறந்ததும் பஸ்ஸில் இரண்டு இடம் பதிவு செய்துவிட்டு வந்து சொன்னார்.

அவள் முதலில் சந்தோஷப்பட்டாள். அடுத்த நிமிஷம், "அங்க பாத்ரூம் இருக்கா?" என்றாள்.

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போல அவர் எழுந்தார். சட்டைப்பையிலிருந்து ஸ்கேலை உருவி, சமையலறைச் சுவரில் இருந்த வரைபடத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். "நுழைவாசல்ல ஒண்ணு. நடைபாதையில ஒண்ணு. பறவை பார்க்கற டவர் கிட்ட ஒண்ணு. படகுத்துறையில ஒண்ணு. கலங்கரை விளக்கத்துக்குக் கீழ ஒண்ணு. மொத்தம் அஞ்சு. அரைக் கிலோமீட்டருக்கு ஒருதரம் ஒதுங்கலாம்."

"நிஜமாவா?"

"நானே வரைஞ்சதும்மா. அரசாங்க மேப்பு. இதுல பொய் இருந்தா உலகத்துல எதை நம்பறது?"

கிளம்பின அன்று காலையில் அவள் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குடித்தாள். முழுப் பாட்டில். அதை நிரப்பி எடுத்துக்கொண்டு பஸ்ஸிலும் குடித்துக்கொண்டே வந்தாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

இன்னொரு ஆச்சரியமும் நடந்தது. அவள் பேசினாள். மூன்றரை மணி நேரப் பயணம் முழுக்கப் பேசினாள். ஆய்வகத்தில் உடைந்த குடுவைகள், உடைத்தது யார் என்று தெரிந்தும் தெரியாதது போல இருக்கும் தலைமை ஆசிரியை, அவருடைய அக்கா மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் மீசை என்று விடாமல் பேசினாள். பூநாரையைப் பார்க்கப் போகிற குஷி என்று அவர் நினைத்துக்கொண்டார். பாதியைக் கேட்டார், பாதியில் தூங்கினார்.

கடைசி ஒரு மணி நேரம் பஸ் கரைமேல் போனது. இரண்டு பக்கமும் தண்ணீர், ஒரு கடை கிடையாது, ஒரு வீடு கிடையாது. பதினொரு மணிக்குச் சரணாலய வாசலில் இறக்கிவிட்டுவிட்டு, திரும்பிப் போவது நாலு மணிக்குத்தான் என்று டிரைவர் சொன்னார். ஆண்கள் பஸ்ஸுக்குப் பின்னால் வரிசையாகப் போய் நின்றார்கள். அவரும் போய் நின்றார். அரை நிமிஷ வேலை. திரும்பி வரும்போதே அதை மறந்தும்விட்டார்.

வாசலில் எட்டடி உயரத்துக்கு ஒரு தகரப் பலகை. அதில் அவருடைய வரைபடம், அவருடைய பூநாரை, மூலையில் எறும்பு அளவுக்கு அவருடைய முதலெழுத்து. ஸ்கேலுக்கு உடம்பு சிலிர்த்தது. பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மனைவியிடம் தன்னைப் படம் எடுக்கச் சொன்னார். முதலெழுத்து தெரிகிற மாதிரி இன்னொன்று எடுக்கச் சொன்னார். அவள் இரண்டையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, "சரி, முதல்ல அந்த ஒண்ணாம் நம்பர் எங்க இருக்கு?" என்றாள்.

"டிக்கெட் கூண்டுக்கு இடது பக்கம், முப்பது மீட்டர்" என்று பலகையைப் பார்க்காமலே சொன்னார். அடி எண்ணி நடந்தார். முப்பதாவது மீட்டரில் மணல் இருந்தது. மணலில் ஒரு நாய் படுத்திருந்தது. நாய் தலையைத் தூக்கி இவரைப் பார்த்துவிட்டு, தன் இடம்தான் என்பது போல மறுபடியும் படுத்துக்கொண்டது.

"இடிச்சிட்டாங்க போல" என்றார் ஸ்கேல். "பழசு இல்லையா. புதுசா கட்டுவாங்க. அதனால என்ன, உள்ள ரெண்டாவது இருக்கு. நல்லதா போச்சு, நடந்த மாதிரியும் ஆச்சு."

டிக்கெட் கொடுக்கிற பெண் கூண்டுக்குள்ளிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "வழி எல்லாம் எனக்குத் தெரியும்மா." அந்தத் திமிருக்கு அவர் பின்னால் பட்டதை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

நடைபாதை சேற்றுத்திட்டின் மேல் பலகை போட்டது. இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டின வரை சாம்பல் நிறச் சேறு, ஆங்காங்கே கணுக்கால் உயரத்துக்குப் புல்பூண்டு. ஒரு மரம் இல்லை, ஒரு புதர் இல்லை, ஒரு சுவர் இல்லை. ஆனால் மனிதர்கள் இருந்தார்கள். பறவை பார்க்க வந்தவர்கள் பத்தடிக்கு ஒருத்தர் நின்றுகொண்டு, கழுத்தில் பைனாகுலரும் முக்காலியில் பீரங்கி மாதிரி கேமராவுமாக, எந்தப் பக்கம் எது அசைந்தாலும் திரும்பினார்கள். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு கொக்கு சிறகைச் சொறிந்தால் இருபது கருவிகள் அதைப் பார்த்தன. அந்த இடத்தில் ஒரு பெண்பிள்ளை எங்கே ஒதுங்குவாள்?

கொஞ்ச தூரத்தில் அம்புக்குறி போட்ட பலகை ஒன்று வந்தது. கழிப்பறை, நூறு மீட்டர். ஸ்கேலுக்கு உயிர் வந்தது. "பார்த்தியா?" என்றார். அவள் வேகமாக நடந்தாள். இருநூறு மீட்டர் போனதும் இன்னொரு பலகை. கழிப்பறை, நூறு மீட்டர். அம்பு வந்த வழியே திரும்பிக் காட்டியது. அவர் திரும்பி நடந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று நடுவில் நின்று பார்த்தார். நடுவில் ஒன்றும் இல்லை. அவருடைய வரைபடத்தை வைத்துக்கொண்டு யாரோ இரண்டு முனையிலிருந்தும் ஒழுங்காக அளந்து பலகை நட்டிருக்கிறார்கள். ஐந்து சென்டிமீட்டர்கூடப் பிசகவில்லை. அந்த அவசரத்திலும் அவருக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி வந்தது. வந்ததற்காக உடனே தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

"இதையும் இடிச்சிட்டாங்களா?" என்றாள் மனைவி.

"இது... மணல் மூடியிருக்கும். கடலோரம் பாரு, மணல் நகரும்."

அவள் சேற்றைப் பார்த்தாள். அதில் ஒரு கைப்பிடி மணல்கூட இல்லை.

அப்போதுதான் ஸ்கேலுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் மேஜைக்கு வந்த கோப்பில், 'கட்ட உத்தேசிக்கப்பட்டுள்ள கழிப்பறைகள் ஐந்து' என்றுதான் இருந்தது. துறையில் ஒரு விதி உண்டு. இருக்கிற கட்டடத்தை நிரப்பி வரைய வேண்டும், வரப்போகிற கட்டடத்தை வெறும் வெளிக்கோட்டால் வரைய வேண்டும். அவர் வெளிக்கோட்டால்தான் வரைந்தார். ஆனால் அத்தனை சின்ன அளவில் அந்த ஆண் பெண் பொம்மைகள் நசுங்கின கொசு மாதிரித் தெரிந்தன. அசிங்கமாக ஒரு கோடு இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. வரைபடம் அச்சாகி வருவதற்குள் கட்டடம் வந்துவிடாதா என்று நினைத்து, ஐந்தையும் கறுப்பு மையால் நிரப்பினார். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. அழகுக்காக அவரே செய்தது. அப்புறம் மறந்தும்விட்டார். பதினோரு வருஷமாகக் கட்டியிருக்க மாட்டார்கள் என்று யார் நினைப்பார்கள்?

டவருக்குக் கீழே போய்ச் சேர்ந்தபோது அவள் நடை மாறிவிட்டிருந்தது. அடியை அளந்து அளந்து வைத்தாள். அவர் மட்டும் மேலே ஏறி, அங்கிருந்த காவலரிடம் ரகசியமாகக் கேட்டார்.

"கழிப்பறையா?" என்றார் காவலர், டவரில் இருந்த பதினைந்து பேருக்கும் கேட்கிற மாதிரி. "நமக்கென்ன சார், அப்படித் திரும்பி நின்னா முடிஞ்சது."

"எனக்கு இல்லைங்க. வீட்டம்மாவுக்கு."

காவலர் கீழே எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "லேடீஸ்னா கஷ்டம் சார். வாசலுக்குத் திரும்பிப் போய் டிக்கெட் அக்காவைக் கேளுங்க. அதுதான் பதினோரு வருஷமா எல்லாரையும் பார்த்துக்குது."

அந்த நேரம் பார்த்துத்தான் பூநாரைகள் கிளம்பின. தூரத்தில் வெறும் வெள்ளைக் கோடாக இருந்தது சட்டென்று எழும்பி, சிறகின் உள்பக்கம் சிவப்பு காட்டி, வானத்தில் பாதியை மூடிக்கொண்டு திரும்பியது. டவரில் இருந்தவர்கள் மூச்சை இழுத்தார்கள். ஸ்கேல் படியில் இறங்கி ஓடினார். "மேல பாரு, மேல பாரு, வந்துடுச்சு" என்றார்.

அவள் டவரின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"அண்ணாந்து பார்த்தா அவ்வளவுதாங்க" என்றாள் மெதுவாக. "நீங்க பாருங்க."

அவரும் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. பதினோரு வருஷமாகச் சுவரில் ஒட்டி வைத்துப் பார்த்த பறவை தலைக்கு மேல் போகும்போது, அவள் காலடிப் பலகையில் ஒரு ஆணித் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குக் காரணம் தான் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. "பிடிச்சுக்கோ" என்று கையை நீட்டினார். அவள் பிடிக்கவில்லை. "உங்களுக்கென்ன, பஸ்ஸுக்குப் பின்னாடியே முடிச்சுட்டீங்க" என்று மட்டும் சொன்னாள். அதில் கோபம்கூட இல்லை. கோபப்படவும் உடம்பில் கொஞ்சம் இடம் வேண்டும் அல்லவா?

வாசலுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். அதை அவர்கள் எப்படி நடந்தார்கள் என்று விவரிக்க வேண்டாம். டிக்கெட் பெண் அவள் நடையைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். கூண்டைப் பூட்டிவிட்டு எதிரே வந்து, ஒரு வார்த்தை கேட்காமல், "வாங்கக்கா" என்று கையைப் பிடித்துக் கூண்டுக்குப் பின்னால் அழைத்துப் போனாள்.

அங்கே நான்கு கம்பு நட்டு, சுற்றி ஃபிளெக்ஸ் துணி கட்டி, ஒரு மறைப்பு. உள்ளே தரையில் பதித்த ஒரு பீங்கான், ஒரு டிரம், ஒரு வாளி, ஒரு மக். அவள் உள்ளே போனாள். ஸ்கேல் வெளியே நின்று பெருமூச்சு விட்டுவிட்டு, அப்போதுதான் அந்தத் துணியைக் கவனித்தார்.

அவருடைய வரைபடம். தலைகீழாகக் கட்டியிருந்தது. பூநாரை காலை மேலே தூக்கிக்கொண்டு தொங்கியது. சுற்றி நான்கு பக்கமும் அதே வரைபடம், நான்கு வருஷத்துப் பிரதிகள், ஒவ்வொன்றிலும் கறுப்பு மை நிரப்பின ஐந்து ஐந்து கழிப்பறைகள். ஆக மொத்தம் இருபது. அந்தச் சரணாலயத்தில் நிஜமாக இருந்த ஒரே ஒரு கழிப்பறைக்கு அவர் வரைந்த பொய்க் கழிப்பறைகள் சுவராக நின்றன. அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க யோக்கியதை இல்லை என்று வாயை மூடிக்கொண்டார்.

"ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருதரம் புதுசா மேப்பு அனுப்புவாங்க சார்" என்றாள் டிக்கெட் பெண். "கழிப்பறையை மட்டும் அனுப்ப மாட்டாங்க. சரி, துணியாவது வருதேன்னு நானும் பெருக்குற அக்காவும் சேர்ந்து இதைக் கட்டிக்கிட்டோம். வேலை செய்யற எங்களுக்குத்தான் கட்டினோம். அப்புறம் எல்லா லேடீஸும் இந்தக் காகிதத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கறாங்க, முகத்தைப் பார்த்தா இல்லைன்னு சொல்ல முடியலை." துணியில் இருந்த பொம்மையை விரலால் தட்டினாள். "இதை வரைஞ்ச மகராசன் மட்டும் ஒருநாள் இங்க வரணும் சார். வந்தா ஒண்ணும் பண்ண மாட்டேன். நாலு சொம்பு தண்ணி குடிக்கக் கொடுத்து, அந்த டவர் வரைக்கும் போய்ட்டு வாங்கன்னு அனுப்பிடுவேன்."

"ஆமாம்மா, ஆபீஸ்ல உட்கார்ந்து வரையறவங்களுக்கு..." என்று ஸ்கேல் ஆரம்பித்தார். நாக்கு அந்த வாக்கியத்தை முடிக்கத் தயாராக இருந்தது. உள்ளே மக் சத்தம் நின்றது. துணிக்கு அந்தப் பக்கம் அவள் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறாள் என்று தெரிந்தது. காலையில் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாளே, அதே பார்வை துணியைத் தாண்டி வருவது போல இருந்தது.

"நான்தாம்மா அது" என்றார்.

"எது சார்?"

"இதை வரைஞ்சது. கட்டப் போறாங்கன்னு எழுதியிருந்தது, நான் கட்டிட்ட மாதிரி வரைஞ்சேன். யாரும் சொல்லலை. பார்க்க நல்லா இருக்கும்னு நானாதான் செஞ்சேன். இடிக்கவும் இல்லை, மணல் மூடவும் இல்லை. அது எதுவும் நிஜம் இல்லை." கடைசி இரண்டு வாக்கியங்களை அவர் துணியைப் பார்த்துச் சொன்னார்.

டிக்கெட் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். சட்டைப்பையில் நின்ற ஸ்கேலையும் பார்த்தாள். பழக்க தோஷத்தில் அவர் பையிலிருந்து வரைபடத்தையும் பேனாவையும் எடுத்து, "இந்த இடத்தைக் குறிச்சுக்கறேன், அடுத்த அச்சுல சரியா..." என்றார்.

"வேண்டாம் சார். குறிச்சீங்கன்னா பஸ் பஸ்ஸா வந்து இறங்குவாங்க. இருக்கிறது ஒரு டிரம்மு. யாரு தண்ணி தூக்கறது?" என்றவள், இரண்டு காலி வாளிகளைக் கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். "பேனாவை உள்ள வச்சுட்டு இதைப் பிடிங்க. அடிபம்பு அதோ இருக்கு. டிரம்மு நிறைய ஆறு நடை ஆகும். பதினோரு வருஷமா நான் தூக்கறேன், இன்னிக்கு ஒருநாள் நீங்க தூக்குங்க."

அடிபம்பு வரைபடத்தில் இருநூற்றைம்பது மீட்டர். நேரிலும் இருநூற்றைம்பது மீட்டர். அவர் வரைந்ததில் இருந்த பொருள் ஒவ்வொன்றும் அச்சுப் பிசகாமல் இருந்தது, இல்லாத பொருளில்தான் தகராறு. ஐம்பத்தாறு வயசில், பேனாவைத் தவிர வேறெதையும் தூக்கியிராத கைகளால், தளும்பத் தளும்ப அவர் நடந்தார். முதல் நடையில் பாதித் தண்ணீர் அவர் காலில் போனது. நாய் கூடவே வந்தது.

மூன்றாவது நடையில் அவள் வெளியே வந்து கூண்டுக்கு முன்னாலிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது. டிக்கெட் பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்து, "இது தண்ணி ஏறுற நேரம்க்கா, நீங்க தேடிப் போக வேண்டாம், அதுவே இங்க வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்னபடியே வந்தது. கடல் உள்ளே ஏற ஏற, பூநாரைகள் ஆழமில்லாத பக்கமாக நகர்ந்து நகர்ந்து, கூண்டிலிருந்து ஐம்பதடி தூரத்துக்கு வந்துவிட்டன. நூற்றுக்கணக்கில். தலையைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் எதையோ துழாவின. அவள் வாய் பிளந்து பார்த்தாள். ஸ்கேல் பம்பை அடித்துக்கொண்டு முதுகைத்தான் காட்டினார். திரும்பி வரும்போது வாளியைப் பார்த்து நடக்க வேண்டியிருந்தது.

"ஏங்க" என்று கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுக்கு முட்டி பின்னாடி மடங்குது."

"என்னது?"

"பூநாரைக்கு. பின்னாடி மடங்குது. நீங்க முன்னாடி மடக்கி வரைஞ்சிருக்கீங்க, நாற்காலியில உட்கார்ந்த மாதிரி."

டிக்கெட் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மனைவியும் சிரித்தாள். ஸ்கேல் இரண்டு வாளியோடு நின்று, தான் பதினோரு வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்த கிளார்க் ஒருவரைப் பறவை என்று ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்ததை நினைத்துப் பார்த்தார். அவரும் சிரித்தார். தண்ணீர் இன்னும் கொஞ்சம் காலில் போனது.

டிரம் நிறைந்தபோது மூன்றரை மணி. பஸ் கிளம்புவதற்குள் அவர் இன்னொரு வேலையும் செய்தார். பர்ஸிலிருந்து அரை பிளேடை எடுத்து, வாசலில் இருந்த தகரப் பலகையில் ஐந்து கழிப்பறைகளையும் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தார். "அரசாங்கச் சொத்து சார்" என்றாள் டிக்கெட் பெண். "என் சொத்தும்தான்" என்றார் அவர். அவள் தடுக்கவில்லை. மேலே இருந்த இரண்டுக்கு எட்டவில்லை என்றதும் தன் ஸ்டூலையே கொண்டு வந்து கொடுத்தாள்.

நாலு மணிக்கு பஸ் கிளம்பியது. ஆண்கள் வழக்கம் போலப் பின்பக்கம் போய்விட்டு வந்து ஏறினார்கள். ஸ்கேல் இந்தத் தடவை போகவில்லை. மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு, "வழியில பாத்ரூம் இருக்குமா?" என்று கேட்டாள்.

'ஏன் இல்லாம' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. இருபத்தேழு வருஷமாக அவள் கேட்ட எதற்கும் அவர் அப்படித்தான் பதில் சொல்லியிருக்கிறார்.

"தெரியாதும்மா" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள். காலையில் அவர் முகத்தை நம்பித் தண்ணீர் குடித்தது அந்த ஒரு தடவைதான், அது முடிந்துவிட்டது. ஆறு நடை நடந்த அவருக்குத் தொண்டை காய்ந்து கிடந்தது. அந்தப் பையில் கை விட்டுக் குடித்திருக்கலாம். குடிக்கவில்லை. தியாகம் எல்லாம் ஒன்றும் இல்லை, வெட்கம்.

கரைமேல் பஸ் ஊர்ந்தது. வெட்கத்தை மறைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி பேசுவது. பேசினார். திங்கட்கிழமையே கோப்பைத் தேடி எடுக்கப் போவதாகச் சொன்னார். ஐந்து இல்லாவிட்டாலும் இரண்டாவது கட்ட வைக்காமல் விடுவதில்லை என்றார். அந்தப் பெண்ணுக்குப் பெரிய டிரம் ஒன்று வாங்கி அனுப்பலாமா என்று கேட்டார். பூநாரையின் முட்டியைத் திருத்துவதாகவும் சொன்னார். நாக்கு மேலே ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. வார்த்தைகள் மரத்தூள் மாதிரி வந்தன. அவள் ஒன்றுக்கும் பதில் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"கோபமா?" என்றார் கடைசியில்.

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் உதட்டைப் பார்த்தாள். வெளுத்துப் போய் ஓரத்தில் வெடித்திருந்தது. அவர் மணிக்கட்டில் கை வைத்து, பக்கத்தில் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பேசாதீங்க. பேசினா வாய் காஞ்சிடும், தாகம் தாங்காது. நாக்கை மேல ஒட்டி வச்சு உதட்டை மூடிக்கோங்க. மூக்கால மூச்சு விடுங்க. முதல் ஒரு மணி நேரம்தான் கஷ்டம், அப்புறம் பழகிடும்."

அவ்வளவு பேசினதே அதிகம் என்பது போல வாயை மூடிக்கொண்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஸ்கேலுக்குத் தன் அண்ணன் வீட்டுக்குப் போன பயணங்கள், மகனைக் கல்லூரியில் சேர்க்கப் போனது, அவளுடைய அப்பா இறந்த செய்தி கேட்டு ஆறு மணி நேரம் பஸ்ஸில் போனது, எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. அன்றைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாண வீடுகளில் அவர் அந்த ஜோக்கைச் சொன்னபோதெல்லாம் அவளும் கூடச் சிரித்தாளே, அதுவும் வந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்கும் உடம்பில் தண்ணீர் வேண்டுமே என்று அடக்கிக்கொண்டார்.

நாக்கை மேலே ஒட்டி வைத்தார். உதட்டை மூடினார். ஊர் போய்ச் சேர இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம் இருந்தது.